வேலிப் பிரண்டை



நம் நாட்டுத் தாய்மார் தம் பிள்ளையிடத்தில் கோபம் மிகுந்தபோது சொல்லுகிற வசவு ஒன்று உண்டு. "உன்னைப் பெற்ற வயிற்றில் பிரண்டையை வைத்துத்தான் கட்டிக்கொள்ள வேண்டும்" என்பார்கள். பிரண்டையின் சாறு பட்ட தோல் தினவெடுக்கும், எரியும். அந்த வேதனையைத் தாய் தன் வயிற்றுக்கே தண்டனையாக விதித்துக்கொள்ளுகிறாள். ஆனால் அதே பிள்ளை மறுநாள் பசியில்லை என்று சோற்றைத் தள்ளினால், அவளே வேலியோரம் சென்று, அதே பிரண்டையின் கொழுந்தைக் கிள்ளி வந்து, எண்ணெயில் வதக்கித் துவையல் அரைத்துப் பிசைந்து ஊட்டுவாள். வசவுக்கும் பிரண்டை; வாஞ்சைக்கும் பிரண்டை. ஒரு கொடி மக்களுடைய வாழ்க்கையோடு எவ்வளவு நெருங்கிப் பழகியிருந்தால், இவ்விரண்டு இடங்களிலும் அதன் பெயர் வந்து நிற்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பள்ளிக்கூடத்திலே கழித்தவன் நான். வகுப்பறையில் பாடம் நடத்தியதைக் காட்டிலும், பள்ளித் தோட்டத்தில் மாணவரோடு நின்று கற்றதும் கற்பித்ததும் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தன. அந்தத் தோட்டத்து வேலியில் படர்ந்திருந்த பிரண்டையைப் பற்றி இன்று சில நிமிஷங்கள் உங்களோடு பேச விரும்புகிறேன். அதனை வளர்ப்பது எங்ஙனம், பேணுவது எங்ஙனம், அதனிடத்தில் நாம் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்னும் இவையே என் பேச்சின் பொருள்.

முதலில் கொடியை நன்றாகப் பார்த்துக்கொள்வோம். பிரண்டையின் தண்டு சதைப்பற்று உள்ளது, பச்சை நிறமானது, நான்கு பட்டைகளாக அமைந்தது. ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் மெல்லிய சிறகு போலப் புடைத்திருக்கும். கணுவுக்குக் கணு இடுங்கி, மீண்டும் அகன்று, ஒரு சங்கிலியைக் கோத்தாற்போலத் தோன்றும். மலையாளத்தார் இதனைச் சங்கிலியோடு சேர்த்தே பெயரிட்டு அழைக்கிறார்கள். தெலுங்கில் நல்லேரு என்பர். வடமொழியில் வச்சிரவல்லி என்று பெயர். இந்தியில் ஹட்ஜோட், எலும்பைச் சேர்த்து வைப்பது என்பது அதன் பொருள். தாவர நூலார் 1767-ஆம் ஆண்டு முதல் இதனை 'ஸிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ்' என்று வழங்கி வருகின்றனர். அப்பெயரை இட்டவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். நாற்கோணம் என்ற பொருள் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

சதைப்பற்றைக் கண்டவுடன் இது கள்ளி இனத்தைச் சேர்ந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இது திராட்சையின் உறவு. ஐயம் உள்ளவர்கள் கணுவைக் கவனிக்க வேண்டும். கணுவின் ஒரு பக்கத்தில் இலை இருந்தால், அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பற்றுக்கம்பி இருக்கும். திராட்சைக் கொடியிலும் இதே அமைப்பைக் காணலாம். மழைக் காலத்தில் இளங்கணுக்களில் சிறிய இலைகள் தோன்றும். வெயில் ஏறியதும் உதிர்ந்து போகும். பூக்கள் மிகச் சிறியவை. நான்கு இதழ் உடையவை. பழம் பட்டாணி அளவில் சிவந்து, ஒரே விதையோடு இருக்கும். ஆப்பிரிக்கா, அரபு நாடு, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகிய வெப்ப நிலங்களில் இக்கொடி தானே வளர்கிறது. நாற்பட்டைப் பிரண்டையே எங்கும் மிகுதி. மூன்று பட்டை உடையதை முப்பிரண்டை என்றும், தட்டையாக இருப்பதை ஓலைப் பிரண்டை என்றும் நம் மக்கள் பிரித்து வழங்குவர்.

இலையை உதிர்த்துவிட்ட கொடி உணவு சமைப்பது எப்படி என்று மாணவன் கேட்பான். கேட்க வேண்டிய கேள்வியே. பிரண்டையில் அந்த வேலையைத் தண்டு ஏற்றுக்கொள்ளுகிறது. அதுவும் ஒரு புதுமையான முறையில் ஏற்றுக்கொள்ளுகிறது. சாதாரணச் செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். அப்போது உள்ளிருக்கும் நீரும் ஆவியாகி வெளியேறிப் போகும். பிரண்டையின் தண்டோ குளிர்ந்த இரவு வேளையில் துளைகளைத் திறந்து வாயுவை வாங்கி, அதனை ஒருவகைப் புளிப்பு அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. பொழுது விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்துச் சூரிய ஒளியின் துணையால் உணவாக்குகிறது. சிக்கனமான குடித்தனக்காரி விலை குறைந்த வேளையில் பண்டம் வாங்கி வைப்பதைப் போன்றது இது. மழைக் காலத்து இலைகள் மட்டும் மற்றச் செடிகளைப் போலப் பகலிலே வாயுவை வாங்குகின்றன. ஒரே கொடியில் இரண்டு முறைகளும் அமைந்திருப்பதை 1983-இல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை விளக்கியது.

இந்த இரகசியத்தின் ஒரு நுனியை முதன்முதலில் நாக்கினாலே கண்டறிந்தவர்களுள் ஒருவர் நம் நாட்டில் பணியாற்றியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு கிழக்கிந்தியக் கும்பினியில் தாவர ஆராய்ச்சியாளராக இருந்தார். ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815-இல் இலண்டன் லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் என்று பிள்ளைகள் விளையாடும் அந்த இலைதான் ரணகள்ளி. இரவெல்லாம் சேர்ந்த அமிலம் காலையில் நாவுக்குத் தெரிந்தது. பகலில் அது செலவாகிவிட்டது. பிரண்டையின் தண்டிலும் நடப்பது இதுவே. ஆனால் பச்சைப் பிரண்டையை எவரும் கடித்துப் பார்க்க வேண்டாம். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இனி, நடும் முறைக்கு வருவோம். விதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. முற்றிய, ஆனால் நார் ஏறி உலராத தண்டில் மூன்று கணு உள்ள துண்டு ஒன்று போதும். துண்டை வெட்டிய அன்றே நட்டுவிடலாகாது. நிழலில் மூன்று நான்கு நாள் போட்டு வைத்தால் வெட்டுவாய் காய்ந்து தோல் மூடும். ஈரமான வெட்டுவாயோடு ஈர மண்ணில் வைத்த துண்டு பெரும்பாலும் அழுகும். மேல் எது, கீழ் எது என்று பார்த்து நட வேண்டும். இலை உதிர்ந்த வடுவுக்கு மேலேதான் மொட்டு இருக்கும் என்பதை நினைவிற் கொண்டால் இதில் குழப்பம் நேராது. ஒரு கணு மண்ணுக்குள்ளும் இரண்டு கணு வெளியிலும் இருக்கும்படி ஊன்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடித்து, மேற்கணுவில் தளிர் காட்டும்.

மண்ணைப் பற்றி ஒரு சொல். தண்ணீர் தேங்காத மண் எதுவும் ஆகும். தொட்டியில் வளர்ப்போர் செம்மண் இரண்டு பங்கும், மணல் ஒரு பங்கும், மக்கிய எரு ஒரு பங்கும் கலந்து கொள்ளலாம். மணல் கிடைக்காத இடத்தில் உடைத்த செங்கல் தூள் போதும். தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். ஆடி மாதம் நடுவதற்கு நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் கொடி வேரூன்றிக் கொள்ளும். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமாவது வெயில் படும் இடமாகப் பாருங்கள். நிழலில் வளர்ந்த பிரண்டை மெலிந்து, கணுவுக்குக் கணு நீண்டு, வலுவற்றுத் தொங்கும்.

வளர்ப்பவர் பெரும்பாலும் வழுவுகிற இடம் தண்ணீர் ஊற்றுவது. அன்பின் மிகுதியால் கெடுகிற செடிகளுள் பிரண்டையும் ஒன்று. இதனை மாணவர்க்குச் சொல்லால் விளக்காமல் செயலால் விளக்குவது என் வழக்கம். ஒரே நாளில் இரண்டு தொட்டிகளில் ஒரே அளவான துண்டுகளை நட்டு, ஒன்றுக்கு நாள்தோறும், மற்றொன்றுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை நீர் ஊற்றச் செய்வேன். நாள்தோறும் குடித்த துண்டு இரண்டு மாதத்திற்குள் அடி மஞ்சளாகி, கூழாகிச் சாயும். மற்றது முறுக்கோடு நிற்கும். அந்தத் தொட்டிகளுக்கு முன்னே நின்ற பிள்ளைகளுக்கு நான் வேறு உரை சொல்ல வேண்டியிருந்ததில்லை. கோடையில் வாரம் ஒருமுறை, மழைக் காலத்தில் முற்றிலும் நிறுத்தி விடுவது என்று வைத்துக் கொள்ளுங்கள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, உள்ளே உலர்ந்திருந்தால் மாத்திரம் ஊற்றுவது இன்னும் நல்லது.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் எங்கள் பள்ளித் தோட்டத்தில் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் பட்டுப்போயின. வேலியிலிருந்த பிரண்டை சுருங்கியது, வெளிறியது, ஆனால் சாகவில்லை. முதல் மழை பெய்த சில நாட்களில் கணுவுக்குக் கணு தளிர் விட்டது. நீர் அரிதான ஊர்களில் எதை நடுவது என்று கேட்போர்க்கு நான் சொல்லும் விடைகளில் பிரண்டை எப்பொழுதும் இடம்பெறும்.

கொடி ஏறுவதற்குப் பற்றுக்கோடு வேண்டும். கிளுவை வேலி இருந்தால் அதைவிடச் சிறந்த துணை இல்லை. நகரத்து வீடுகளில் இரண்டு மூங்கில் கழிகளை நட்டுக் குறுக்கே கயிறு கட்டினாலும் போதும். முதல் சில கணுக்களை நாம் கயிற்றோடு தளர்வாகக் கட்டிவிட்டால், பிறகு பற்றுக்கம்பிகள் தம் வேலையைத் தாமே பார்த்துக் கொள்ளும். இளமரங்களின் மேல் மட்டும் ஏறவிடாதீர்கள். சதைப்பற்றான கொடியின் பாரத்தை மெல்லிய கிளை தாங்காது. ஆண்டுக்கு ஒருமுறை முற்றிய பகுதியைக் கழித்துவிட்டால் புதுத் தளிர் மிகுதியாக வரும். கழித்த துண்டுகளைக் குப்பையில் எறியாமல் அயலாருக்குக் கொடுங்கள்.

பூச்சித் தொல்லை பெரிதாக இராது. கணு இடுக்குகளில் வெள்ளையாக மாவுப்பூச்சி அடைந்தால், பழந்துணியை நனைத்துத் துடைத்துவிடலாம். சில வேளை விரல் பருமனான புழு ஒன்று, வால் பக்கத்தில் சிறு கொம்போடு, தளிரைத் தின்று கொண்டிருக்கும். திராட்சைக் குடும்பத்துக் கொடிகளை நாடி வரும் ஒருவகைப் பெரிய அந்துப்பூச்சியின் பிள்ளை அது. பிள்ளைகள் கொம்பைக் கண்டு அஞ்சுவார்கள், அது கொட்டாது. அந்திப் பொழுதில் பூவுக்குப் பூ அசையாது நின்று தேன் குடிக்கும் பூச்சியாக அது மாறும். தொல்லை மிகுந்தால் கையால் எடுத்து வேறிடத்தில் விடுங்கள். மருந்து தெளிக்க வேண்டா. நாம் உண்ணப்போகும் கொழுந்து அல்லவா அது?

இப்பொழுது அறுவடை. நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு வரையில் உள்ள இளந்தண்டே சமையலுக்கு உரியது. நகத்தால் கிள்ளினால் எளிதில் ஒடிய வேண்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு தொடுவது நம் பாட்டிமார் வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. பிரண்டையின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன. தோலில் அரிப்பும், நாவிலும் தொண்டையிலும் குத்தலும் உண்டாக்குவன அவையே. பச்சையாகக் கடிக்க வேண்டாம் என்று முன்னே சொன்னதும் இதனால்தான். பட்டை விளிம்பின் நாரை உரித்து, கணுவை நீக்கி, சிறு துண்டுகளாக்கி, நல்லெண்ணெயில் நிறம் மாறும் வரை பொறுமையாக வதக்க வேண்டும். உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயம் ஆகியவற்றை வறுத்து, புளி தாராளமாகச் சேர்த்து அரைத்தால் துவையல் ஆயிற்று. அரைகுறையாக வதக்கியவர் வீட்டில் அன்று எல்லோரும் தொண்டையைச் செருமிக் கொண்டிருப்பார்கள்.

துவையலோடு நில்லாமல், வடகம், தொக்கு, குழம்பு என்று பலவாறு இதனை ஆக்குவர். அப்பள மாவு பிசைவதற்குப் பிரண்டைச் சாறு சேர்ப்பதும் பழைய வழக்கம். சிராத்தச் சமையலிலும் இதற்கு உயர்ந்த இடம் உண்டு. சிராத்த உணவில் ஆயிரத்தெட்டுக் காய்கறி வேண்டும் என்று விசுவாமித்திரர் கேட்டதாகவும், அருந்ததி பாகற்காயை நூறாகவும், பிரண்டையை முந்நூறாகவும், பலாவை அறுநூறாகவும் எண்ணி, மேலும் எட்டுக் காய்களைச் சேர்த்துக் கணக்கைத் தீர்த்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், வேலியில் தானே விளைந்த கொடிக்கு முந்நூறு காய்களின் மதிப்பை ஏற்றிய மனத்தை நாம் பாராட்ட வேண்டும்.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவது சற்றுக் கடுமையானது. எலும்பைச் சேர்க்கும் கொடி என்று இதற்குப் பெயர் இருப்பதைக் குறிப்பிட்டேன். அந்தப் பெயர் வீணாக வந்ததன்று. 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் கே. என். உடுப்பாவும் டாக்டர் ஜி. பிரசாதும் விலங்குகளில் இதனைச் சோதித்து, முறிந்த எலும்பு கூடுவதற்கு இது துணை புரிகிறது என்று எழுதினார்கள். அதன்பின் ஆராய்ச்சிகள் பல நடந்து வருகின்றன. ஆனால் துணை புரிவது வேறு. மருத்துவரின் இடத்தைப் பிடிப்பது வேறு. எலும்பு கூடுவதற்கு முன்னே, அது நேராக வைக்கப்பட வேண்டும். வளைந்து நிற்கும் எலும்பை நேராக்கும் கை எந்தக் கொடிக்கும் இல்லை.

என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் புளியமரத்திலிருந்து விழுந்து முன்கை எலும்பை முறித்துக் கொண்டான். வீட்டார் பிரண்டையை அரைத்து வைத்துத் துணியால் இறுகக் கட்டிவிட்டார்கள். பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குச் சென்று பார்த்தபோது விரல்கள் வீங்கியிருந்தன. கட்டின் கீழே தோல் கொப்புளித்திருந்தது. அன்றே அவன் தந்தையோடு பேருந்தில் ஏறி மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கியிருந்தது. மருத்துவர்கள் அதனை மறுபடியும் பிரித்து நேராக்க வேண்டியதாயிற்று. கை பிழைத்தது. ஆயினும் அந்தக் கையால் அவன் முன்போலப் பந்து எறிய முடியவில்லை. அந்த வீட்டாரை நான் குறை கூறவில்லை. தம் முன்னோர் சொன்னதில் பாதியை அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். கட்டு வைக்கும் வைத்தியர் முதலில் எலும்பைத் தடவிப் பார்த்து நேராக்கிய பிறகே மருந்து வைப்பார் என்னும் மறு பாதி மறந்து போயிற்று. பாதி அறிவு பிள்ளையின் கையைக் கேட்டது.

ஆகையால், எலும்பு முறிந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பச்சைப் பிரண்டையைத் தோலின் மேல் அரைத்துக் கட்டாதீர்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களும், கருவுற்ற தாய்மாரும், வேறு மருந்து உண்பவர்களும் பிரண்டையை மருந்தாகக் கொள்ளும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நன்கு வதக்கிய துவையலை உணவின் ஒரு பகுதியாக அளவோடு உண்பது வேறு செய்தி.

இறுதியாக ஒன்று. ஒரு காலத்தில் பிரண்டை எவருடைய உடைமையும் அன்று. ஊருக்கும் வயலுக்கும் இடையே கிளுவையும் கள்ளியுமாக நின்ற உயிர்வேலிகளில் அது படர்ந்து கிடந்தது. ஏழை வீட்டுப் பெண்ணும் செல்வர் வீட்டுப் பெண்ணும் ஒரே வேலியில் கிள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வேலிகள் இருந்த இடங்களில் இன்று முள்கம்பியும் மதிற்சுவரும் எழுந்துவிட்டன. கொடி போனதோடு, எந்தக் கணுவில் கிள்ளுவது, எவ்வளவு வதக்குவது என்ற அறிவும் போய்க்கொண்டிருக்கிறது. கடையில் புட்டியில் அடைத்த தொக்கு கிடைக்கலாம்; அந்த அறிவு புட்டியில் வராது. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போகும்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியர்கள் தம் பள்ளி வேலியில் ஒரு துண்டு நடட்டும். வீட்டில் பாட்டி இருந்தால், பேரனையும் பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நார் உரிக்கக் கற்றுக் கொடுக்கட்டும். மொட்டை மாடியில் ஒரு தொட்டி வைக்க இடமுள்ளவர்கள், இந்த ஆடியில் மூன்று கணுவுள்ள ஒரு தண்டை அயலாரிடம் கேட்டு வாங்குங்கள். நான்கு நாள் நிழலில் வையுங்கள், பிறகு நடுங்கள், தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள். அடுத்த ஆடியில் அதே கொடியிலிருந்து ஒரு துண்டை வேறொருவருக்குக் கொடுங்கள்.